மாமாமார் சட்டம்

அலைவாணி எஃப்.எம். வானொலியில் 'காலைக் கதவு' என்றொரு நிகழ்ச்சி வருகிறது. ஞாயிறு தவிர எல்லா நாளும் இந்தக் கதவு திறக்கும். மக்கள் தங்கள் குறைகளோடு உள்ளே வரலாம் என்று விளம்பரம் சொல்லும். வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கட்டடம் ஒன்றில், கீழே சேலைக்கடை, நடுவில் பல் வைத்தியர், அதற்கு மேலே கருத்துச் சுதந்திரம் என்ற ஒழுங்கில் அது இயங்கி வந்தது.

நிகழ்ச்சியை நடத்துபவர் லோகேஸ்வரன். 'சொல்வேந்தர்' என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். கொடுத்த சங்கத்தின் தலைவரும் அவரே என்பதால் விழாவில் அவருக்குக் கொஞ்சம் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டது. தொலைபேசியில் யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது, "காலையில என்ன சாப்பாடு?" என்றுதான். சமையல் காஸுக்காகச் சனம் தெருவில் சிலிண்டரோடு வரிசையில் நின்ற வருடத்திலும் அவர் இந்தக் கேள்வியை விடவில்லை. அடுப்பு எரியாத நாட்டில் என்ன சாப்பாடு என்று தினமும் அக்கறையாக விசாரித்த ஒரே மனிதர் அவர்தான்.

ஆறாயி இந்த நிகழ்ச்சியை ஒருநாளும் தவறவிட்டதில்லை. இடியப்பம் பிழியும்போது கைக்கு வேலை, காதுக்கு லோகேஸ்வரன். அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வேலைக்கு வந்து, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் குடியேறியவள். விடியமுன் தொடங்கி இடியப்பம் அவித்துச் சுற்றியுள்ள கடைகளுக்குக் கொடுப்பதுதான் பிழைப்பு. கணவர் போன பிறகு அந்த நீராவியில்தான் வீடு ஓடியது.

போன வருடம் அவள் வாசலுக்கு நேரே கழிவுக் குழாய் வெடித்தது. பராமரிப்புச் சபைக்குச் சொன்னார்கள். சபையிலிருந்து ஒருவர் வந்து போட்டோ எடுத்தார். இன்னொருவர் வந்து, போட்டோ எடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாமவர் சுற்றிவர மஞ்சள் நாடா கட்டினார். நாடா உக்கி விழுந்தது. குழாய் மட்டும் அலுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாயி செங்கல் அடுக்கி, அதன் மேல் கால் வைத்து வீட்டுக்குள் போய்வந்தாள்.

அப்படியிருக்க, ஒருநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு குழாயைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். குழாய்க்கு எதிராக அவருக்கு அதிகாரம் எதுவும் இல்லை. ஆறாயிக்கு எதிராக இருந்தது. கழிவு ஓடும் இடத்தில் உணவு தயாரிக்கக் கூடாது, வருகிற வெள்ளி விட்டு மறு வெள்ளிக்கிழமை வருவேன், அப்போதும் இது ஓடினால் இடியப்பத்தை நிறுத்த வேண்டும் என்றார்.

"மாத்தயா, குழாய நிறுத்துங்களேன்" என்றாள் ஆறாயி.

"அக்கே, மட்ட கரன்ன தெயக் நே" என்றார் அவர் சிங்களத்தில். தன்னால் செய்ய ஒன்றுமில்லை என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து பிளாக்கின் ஏழாம் மாடியில் இருக்கும் ஸமீமா செய்தி கேட்டு வந்தாள். அந்த பிளாக்கில் லிஃப்ட் நின்று பல மாதமாகிறது. ஆகவே அவள் எப்போது வந்தாலும் முதலில் மூச்சு வாங்குவாள், பிறகுதான் பேசுவாள்.

"ஆறாயிக்கா, சும்மா ஈக்க வாணாம். ரேடியோவுக்குச் செல்லுங்க. லோகேஸ்வரன் கேட்டா சபைக்காரன் பதில் செல்லத்தானே வேணும்?"

அவளே வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டாள். அலைவாணிக்கும் அந்த வாரம் ஒரு தேவை இருந்தது. 'நகரமும் நாமும்' என்ற தலைப்பில் கதைக்கப் பராமரிப்புச் சபையின் பணிப்பாளர் வருகிறார். பக்கத்தில் உட்கார வைக்கச் 'சாதாரண பொதுமகள்' ஒருத்தி வேண்டும். வெள்ளிக்கிழமை வரச்சொன்னார்கள். அதற்கு அடுத்த வெள்ளிதான் பரிசோதகர் வரும் நாள். ஆறாயி நல்ல சேலை கட்டி, சொல்ல வேண்டியதை பஸ் முழுக்க மனதுக்குள் சொல்லிக்கொண்டே வெள்ளவத்தையில் இறங்கினாள்.

வரவேற்பறையில் இருந்த நிலூஷா அவளுக்கு ஒழுங்குகளைச் சொன்னாள்.

"அன்டி, இங்க 'பிரச்சினை' எண்டு சொல்றதில்ல. 'சவால்' எண்டு சொல்லோணும். 'உடைஞ்சது' எண்டு சொல்லாதீங்கோ, 'மேம்பாட்டுக்குக் காத்திருக்குது' எண்டு சொல்லுங்கோ. 'மணக்குது' எண்டு வாயே திறக்கக் கூடாது. எங்கட நேயர்கள் சாப்பிடுற நேரம்."

"அப்ப அந்தத் தண்ணிய என்னான்னு சொல்றதும்மா?"

நிலூஷா யோசித்தாள். "நீர்வளம்."

அதற்குள் மேசைத் தொலைபேசியை எடுத்து, குரலைக் கொஞ்சம் குழைத்து, "ஹலோ, நான் வத்தளையில இருந்து வனிதா. லோகேஸ்வரன் அண்ணா, உங்கட குரலக் கேட்டாத்தான் எனக்கு விடியும்" என்றாள். சுவரில் இருந்த ஒலிபெருக்கியிலும் அதே குரல் வந்தது. காலையில் பாண் சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஆறாயி வாயைப் பிளந்தாள். "நீங்க இங்கதானேம்மா இருக்கீங்க?"

"நேயர்கள் எடுக்காத நேரம் நான்தான் நேயர்" என்றாள் நிலூஷா, களைத்துப்போய். "பின்னேரம் நீர்கொழும்பு நளாயினியும் நான்தான்."

அப்போது பணிப்பாளர் ஒஸ்வால்ட் இராசநாயகம் வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் ஒலிபரப்புக் கலையகத்துக்குள் போகப் பார்த்தார். நிலூஷா ஓடிப்போய்க் கதவை மறித்தாள். உள்ளே பிறந்தநாள் வாழ்த்து போய்க்கொண்டிருந்தது. நேயர் ஒருவர் பெயர் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் முடிக்கும்வரை பணிப்பாளரும் வெளியில்தான் நிற்க வேண்டும். ஒலிபெருக்கியில் சித்தப்பாமார், சித்திமார், கனடாவில் உள்ளோர், லண்டனில் உள்ளோர் என்று பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன. பணிப்பாளர் கைகட்டி நின்றார்.

இவ்வளவு பெரிய மனிதரை நிறுத்தி வைக்கிற சங்கதி என்ன என்று ஆறாயி மெதுவாகக் கேட்டாள். நிலூஷா சொன்னாள். ஒரு காலத்தில் லோகேஸ்வரன் நேரம் போதாமல் வாழ்த்துப் பெயர்களை நடுவில் வெட்டி, பாட்டைப் போட்டுவிட்டார். வெட்டுப்பட்டது தெகிவளைக்காரர் ஒருவருடைய பெயர். பிறந்தநாள் பிள்ளைக்கு அவர் தாய்மாமன். அவர் நேரே வந்து இதே வரவேற்பறையில் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை, எழும்பவில்லை. மருமகள் பெரியபிள்ளையானால் செய்யும் சாமத்தியச் சடங்குக்குப் போகமாட்டேன் என்றார். இரண்டு குடும்பம் பேச்சை விட்டது. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையிலிருந்து ஒரு லோயரும் வந்தார். கடைசியில் நிர்வாகம் கூடிச் சட்டம் போட்டது: வாழ்த்துவோர் பெயர் தொடங்கிவிட்டால், முடியும்வரை எவரும் எக்காரணம் கொண்டும் வெட்டக்கூடாது. பிறந்தநாள் பகுதிக்கு அனுசரணை கொடுக்கும் கேக் கடையும் இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டது. அலைவாணியில் மந்திரிமாரின் பேச்சை வெட்டலாம், செய்தியை வெட்டலாம். மாமாமாரை வெட்ட முடியாது.

"ஒருக்கா கடல் பொங்குது எண்டு எச்சரிக்கை வந்தது அன்டி" என்றாள் நிலூஷா. "பேரெல்லாம் முடிஞ்ச பிறகுதான் வாசிச்சவை."

ஒருவழியாக உள்ளே போனார்கள். லோகேஸ்வரன் பணிப்பாளருக்குப் பொன்னாடை போர்த்தினார். வானொலியில் அது தெரியாது என்பதால், "இப்போது போர்த்தப்படுகிறது, நேயர் நெஞ்சங்களே, தோளைத் தொட்டுவிட்டது, ஆகா!" என்று நேர்முக வர்ணனை கொடுத்தார். ஒரு பொத்தானை அமுக்கக் கைதட்டல் கேட்டது. அறிமுகம் பணிப்பாளரின் ஆரம்பப் பாடசாலையில் தொடங்கி, அவர் உயர்தரப் பரீட்சை எழுதும் கட்டத்துக்கு வந்தபோது விளம்பர இடைவேளை வந்தது.

பிறகு பணிப்பாளர் பேசினார்.

"எங்கள் சபையில் ஒரு முறைப்பாடுகூடத் தேங்கிக் கிடப்பதில்லை. வந்த உடனேயே அடுத்த பிரிவுக்கு அனுப்பிவிடுவோம். சில முறைப்பாடுகள் எங்கள் எல்லாப் பிரிவுகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த இடத்துக்கே திரும்பியிருக்கின்றன. வேறெந்தச் சபையில் இந்தச் சுறுசுறுப்பு உண்டு? கசிவு, கசிவு என்கிறார்கள். ஆள் இல்லாத வீட்டில் குழாய் கசியுமா? கசிவது என்றால் மக்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். அதைச் சிலர் குறையாகப் பார்க்கிறார்கள். நாங்கள் வளர்ச்சியாகப் பார்க்கிறோம். இதை ஆராய ஒரு குழு அமைத்தோம். குழுவுக்கு இருக்க இடமில்லை என்பதை ஆராய இன்னொரு குழு அமைத்திருக்கிறோம்."

"ஆழமான கருத்து" என்றார் லோகேஸ்வரன். கைதட்டல் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினார்.

கடைசியில் ஒலிவாங்கி ஆறாயி பக்கம் திரும்பியது.

"நம்மோடு ஒரு சாதாரண பொதுமகள். வணக்கம் அம்மா! காலையில என்ன சாப்பாடு?"

"இடியப்பமுங்க. ஐயா, எங்க வாசல்ல..."

"இடியப்பம்! சொதியா, சம்பலா?"

"சம்பலுங்க. எங்க வாசல்ல ஒரு வருசமா..."

"ஒரு வருடமாக இடியப்பம் விற்கும் உழைப்பாளி! சிவப்பா, வெள்ளையா?"

"ரெண்டும் இருக்குங்க. ஐயா, கக்கூஸ் குழா ஒடைஞ்சு..."

லோகேஸ்வரனின் விரல் ஒரு பொத்தானில் விழுந்தது. காதல் பாட்டொன்று தொடங்கிவிட்டது. சிவப்பு விளக்கு அணைந்ததும் சொல்வேந்தரின் தமிழும் மாறியது.

"அக்கா, என்னக்கா நீங்க? உப்பிடியே கதைக்கிறது? சேர் இருக்கிறார், நேயர்கள் இருக்கினம். வெளியில நிலூஷா உங்களுக்கு ஒரு பரிசு தருவா, வாங்கிக்கொண்டு போங்கோ."

பரிசு ஒரு சுவர்க் கடிகாரம். அதில் லோகேஸ்வரனின் முகம் இருந்தது. பெரிய முள் அவருடைய மூக்கிலிருந்து புறப்பட்டது.

அன்று பின்னேரம் ஸமீமா ஏழு மாடியும் இறங்கி வந்தாள். மூச்சு வாங்கி முடித்ததும், "இடியப்பம், சம்பல்ண்டு நீங்க சென்னதுதான் கேட்டிச்சு. பொறகு பாட்டு" என்றாள். ஆறாயிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பரிசோதகர் மேல் வந்ததைவிட, பணிப்பாளர் மேல் வந்ததைவிட, இத்தனை வருடம் தன் அடுப்படியில் தினமும் கேட்ட அந்தக் குரல் மேல் வந்தது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்காமல் இருக்கட்டும், அது வேறு. திறந்து, உள்ளே கூப்பிட்டு, சம்பலா சொதியா என்று கேட்டுவிட்டு முகத்தில் அறைந்து சாத்துவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

கடிகாரத்தைச் சுவரில் மாட்டவில்லை. வாசலில் செங்கல்லுக்குப் பக்கத்தில், குழாயைப் பார்த்தபடி வைத்தாள்.

திங்கட்கிழமை இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது வானொலியில் யாரோ தன் பேரனுக்கு வாழ்த்துச் சொன்னார். பெயர்கள் நீண்டன. லோகேஸ்வரன் "ஓம், ஓம், சொல்லுங்கோ" என்று பொறுமையாகக் கேட்டார். ஆறாயியின் கை உரலோடு அப்படியே நின்றது. மாவு அப்பிய கையோடு அவள் ஸமீமா வீட்டுக்கு ஏழு மாடியும் ஏறினாள். அன்று முழுக்க இரண்டு பேரும் ஒவ்வொரு கதவாகத் தட்டி, எல்லாருடைய பெயரையும் கேட்டார்கள்.

புதன்கிழமை காலையில் அலைவாணிக்குத் தொலைபேசி இணைப்புக் கிடைத்தது.

"வணக்கம் அம்மா, 'காலைக் கதவு' திறந்திருக்கு. வானொலிச் சத்தத்தைக் குறையுங்கோ. காலையில என்ன சாப்பாடு?"

"பொறந்தநாள் வாழ்த்துங்க. வாழ்த்துறவங்க பேர மொதல்ல சொல்லிர்றேன். ஏழாம் மாடி ஸமீமா, அவங்க வீட்டுக்காரர் ஹஸன், மூணாம் மாடி ரதி டீச்சர், நிக்கலஸ் அங்கிள்..."

"சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்றார் லோகேஸ்வரன், உற்சாகமாக.

"பொறந்தநாளு யாருக்குன்னா, கொட்டாஞ்சேனையில எங்க வாசல்ல ஒடைஞ்சு கெடக்குற கக்கூஸ் குழாய்க்கு. இன்னைக்கு அதுக்கு ஒரு வயசு."

கலையகத்தில் விரல் பொத்தானுக்குப் பறந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலூஷா இரண்டு கையையும் விரித்து, சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தைக் காட்டினாள். பெயர் தொடங்கிவிட்டது. விரல் அந்தரத்தில் நின்றது.

"அப்பா, பராமரிப்புச் சபைப் பணிப்பாளர் ஒஸ்வால்ட் இராசநாயகம் சார். பெரியப்பா, போட்டோ எடுத்தவரு. சித்தப்பா, மஞ்ச நாடா கட்டுனவரு. ஒன்னுவிட்ட மாமா, இருக்க எடமில்லாத குழுக்காரங்க. தாய்மாமன்..." இங்கே ஆறாயி கொஞ்சம் நிறுத்தினாள். "தாய்மாமன், அலைவாணி எஃப்.எம். லோகேஸ்வரன் அண்ணே. சீரோட வந்து சேருங்க. இன்னும் பேரு இருக்குங்க, அவசரப்படாதீங்க. முதலாம் மாடி வேலுசாமி, அவரு சம்சாரம்..."

தொடர்மாடியில் ஒரு பெயர் மிச்சமில்லாமல் சொன்னாள். நடுவே யாருக்கு இருமல் தீரவில்லை, யார் வீட்டுக் குழந்தை கழிவில் விழுந்தது, வெள்ளிக்கிழமை யாருடைய அடுப்பு அணையப் போகிறது என்பதையும் பெயரோடு பெயராகச் சொன்னாள். செய்தி நேரம் வந்து போனது. செய்தி வாசிப்பவர் வெளியில் கைகட்டி நின்றார். மருதானையில் ஒரு தேநீர்க் கடையில் பஸ் டிரைவர்கள் வண்டியை எடுக்காமல் கேட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

கேக் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாரத்தில் மிக அதிகம் பேர் வாழ்த்திய பிறந்தநாளுக்கு, வெள்ளிக்கிழமை வாசலுக்கே கேக் வரும். லோகேஸ்வரன் நேரில் வந்து, நேரடி ஒலிபரப்பில் வெட்டிக் கொடுப்பார். குழாய்க்கு முன்னால் வேறெந்தக் குழந்தையும் நிற்க முடியவில்லை. நிர்வாகம் தலையைப் பிய்த்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் பிறந்தநாள்காரர் மனிதராக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அலைவாணி வேன் கொட்டாஞ்சேனைக்கு வந்தது. தாய்மாமன் வெள்ளைச் சப்பாத்தோடு இறங்கினார். தொடர்மாடி முழுக்க வாசலில் நின்றது. சுகாதாரப் பரிசோதகரும் சொன்ன சொல் தவறாமல் வந்து, கூட்டத்தைக் கண்டு ஓரமாக நின்றார். செங்கல்லுக்குப் பக்கத்துக் கடிகாரத்திலிருந்து தன் முகமே தன்னைப் பார்ப்பதைக் கண்ட லோகேஸ்வரன் ஒரு கணம் திகைத்து, பிறகு ஒலிவாங்கியை எடுத்தார்.

"நேயர் நெஞ்சங்களே, நாம் இப்போது ஒரு... ஒரு நீர்வளமான..."

"மாமா, சாப்பிட்டீங்களா?" என்று ஆறாயி கேட்டாள். "காலையில என்ன சாப்பாடு?"

சொல்வேந்தர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாயைத் திறந்ததுதான் பிழை. நாடு முழுக்க நேயர்கள் ஒரு ஓங்கரிப்பைக் கேட்டார்கள்.

"ஐயோ அக்கா, மணக்குது!" என்றார் லோகேஸ்வரன். "தாங்கேலாது, மணக்குது!"

அலைவாணி வரலாற்றில் அதில் ஒலிபரப்பான முதல் செய்தி அது என்று நான் நினைக்கிறேன்.

உடனே பணிப்பாளர் தொலைபேசியில் வந்தார். அந்தக் குழாய் தங்கள் சபையின் பிள்ளை அல்ல, வடிகால் சபையின் பிள்ளை என்றார். வடிகால் சபையும் வந்தது. தாங்கள் தூரத்துச் சொந்தம் மட்டுமே என்றது. ஆனால் கேக் கடை முதலாளி வேறு மாதிரி யோசித்தார். தன் கேக்கின் பெயர் சொன்னாலே சனம் மூக்கைப் பொத்துகிறது, இந்தக் குழாய் மூடப்படாவிட்டால் அலைவாணிக்கு இனி விளம்பரம் இல்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அலைவாணி நிர்வாகம் பணிப்பாளரை ஒரே ஒரு தடவை அழைத்தது. மறுநாள் ஆட்கள் வந்து புதுக் குழாய் போட்டுவிட்டுப் போனார்கள். தொடர்மாடி ஒரு வருடம் கத்தி நடக்காதது, ஒரு கேக் முகம் சுளித்ததும் நடந்தது.

பரிசோதகர் மறுபடி வந்து, காய்ந்த வாசலைப் பார்த்துத் தலையாட்டினார். போகும்போது இடியப்பம் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அலைவாணியிலிருந்து ஆறாயிக்கு மறுபடி அழைப்பு வந்தது. துரித சேவைக்காகப் பணிப்பாளருக்குப் பாராட்டு. அவள் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், 'நன்றி'. ஸமீமா ஏழு மாடி இறங்கி வந்து அவளை பஸ் ஏற்றிவிட்டாள். அப்போதும் அவளுக்கு மூச்சு வாங்கி முடியவில்லை.

கலையகத்தில் பணிப்பாளருக்குப் பொன்னாடை விழுந்தது. தோளைத் தொட்டுவிட்டது, ஆகா. கைதட்டல் பொத்தான் நான்கு தடவை. பிறகு லோகேஸ்வரன், இந்த முறை சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல், ஒலிவாங்கியை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"பொதுமகள் இப்போது தன் நன்றியைத் தெரிவிப்பார். சுருக்கமாக, அம்மா."

ஆறாயி ஒலிவாங்கியைத் தன் வாய்க்குக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"பொறந்தநாள் வாழ்த்துங்க. வாழ்த்துறவங்க, ஏழாம் மாடி ஸமீமா, அவங்க வீட்டுக்காரர் ஹஸன், முழங்கால்ல ஆப்பரேசன் பண்ணிக்கிட்ட அவங்க உம்மா..."

லோகேஸ்வரனின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அவர் சுவரைப் பார்த்தார். சட்டம் அங்கேயே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலூஷா, வத்தளை வனிதாவும் நீர்கொழும்பு நளாயினியுமாக, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பக்கத்து பிளாக்குல செத்துக் கெடக்குற லிஃப்டுக்குங்க" என்றாள் ஆறாயி.

பணிப்பாளர் பொன்னாடையைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார்.

"சார், உக்காருங்க" என்றாள் அவள். "அப்பா பேரு இன்னும் சொல்லல."